காசியம்மாவின் கையும் வேகாத பருப்பும்

1. தட்டில் கேட்ட சத்தம்

பருப்பு வெந்ததா இல்லையா என்று வாயில் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. காதே போதும். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அலுமினியத் தட்டில் சாம்பார் விழும்போது கரகரவென்று கேட்டால் அன்றைக்கு வேகவில்லை என்று அர்த்தம். ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்த பள்ளி விடுதியில் அந்தச் சத்தம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டது.

எழுபதுகளின் கடைசி அது. ஒடுகத்தூரில் பிறந்து வளர்ந்த நான், அறிவியல் ஆசிரியை என்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறிய முதல் வருடம். பிள்ளைகள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுப் படிக்கிற பள்ளி. எனக்கும் சாப்பாடு அங்கேதான். அதனால் இதை யாரோ பட்ட கஷ்டமாகச் சொல்லவில்லை. என் பல்லும் பட்டிருக்கிறது.

சமையலுக்கு இரண்டு பேர். முனுசாமி அண்ணன் ஆலங்காயத்துக்காரர், கல்யாணச் சமையலில் பழகியவர். எது சொன்னாலும் முதலில் ஒரு தடவை சலித்துக்கொண்டு, பிறகு சொன்னதைவிட அதிகமாகச் செய்கிற மனிதர். இன்னொருத்தி காசியம்மா. பக்கத்து மலையூர்க்காரி. அந்த வருடம் பள்ளி திறந்தபோதுதான் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஒரு நாள் அவர் முறை, மறுநாள் இவள் முறை. அவர் முறையன்று பருப்பு வெண்ணெயாகக் குழையும். இவள் முறையன்று கரகரவென்று சத்தம் கேட்கும்.

ஆனி மாதத்தில் ஒரு மதியம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். வேகாத பருப்பு வயிற்றில் போய்ச் சும்மா இருக்குமா? விடுதி வார்டன் சார் செங்கத்துக்காரர். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த மனசு. பிள்ளைகளுக்கு ஓமத் தண்ணீரைத் தானே ஊற்றிக் கொடுத்துவிட்டு நேராகச் சமையல் கட்டுக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் வருத்தமாகச் சொன்னார். “காசியம்மா, உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஒரு சிலருக்குக் கைராசி அப்படி அமைஞ்சிடுது. இன்னா பண்றது? திங்கக்கிழமயிலேர்ந்து நீ வர வேணாம்மா.”

காசியம்மா சரியென்று தலையாட்டினாள். பாத்திரத்தைத் துலக்க எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சாருடைய பேச்சைவிட அவள் தலையாட்டியதுதான் எரிச்சல்.

2. ராசி என்று ஒன்று

பின்பக்கம் போய் அவளிடம் கேட்டேன். நீ ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று. அவள் தேய்ப்பதை நிறுத்தாமலே கதையைச் சொன்னாள்.

கல்யாணமாகிப் போன இடத்தில் அவள் பால் கறந்த பசு செத்துப்போயிருக்கிறது. அந்த வருடம் அவள் தூவிய சாமை சரியாக முளைக்கவில்லை. மாமியார் அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, இது ஆகாத கை என்று அண்ணன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். புருஷன் வந்து கூப்பிடவே இல்லை. அண்ணனும் அண்ணியும் நல்லவர்கள்தான், சோற்றுக்கு முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. ஆனால் விதைப்பு நாளில் எல்லோரும் நிலத்துக்குப் போனால் இவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். யாரும் வராதே என்று சொல்லவில்லை. இவளே போகமாட்டாள்.

“வார்டன் ஐயா சொல்றது சரிதான் டீச்சர்” என்றாள். “எனக்குத் தெரிஞ்சதுதானே. இங்கியும் வந்து காட்டிடுச்சு இந்தக் கை.”

சொல்லிவிட்டுக் கையைத் தண்ணீரில் அலசினாள். ஏதோ வேறு யாருடைய கையையோ அலசுவது போல் அலசினாள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

நேராக வார்டன் சாரிடம் போனேன். கைராசி என்பதை நான் கேள்விப்படாதவள் இல்லை. எங்கள் அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் முருங்கைக் கொம்பு நட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கூப்பிடுவார், அவருக்குக் கை நல்லது என்று. அதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒருத்தியின் சோறு போகிற இடத்தில் சிரிக்க முடியாது.

“சார், காசியம்மா முறையன்னைக்குச் சோறு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“சோறா? அது அருமை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பருக்கை பருக்கையா நிக்கும். முனுசாமி வடிச்சா களி மாதிரி கீது.”

“அப்போ அவ கைக்குச் சோத்துல மட்டும் ராசி, பருப்புல இல்லையா? ஒரே கைதானே சார்?”

அவர் அது வேற, இது வேற என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். கடைசியில் சிரித்துவிட்டார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். வாதத்தில் தோற்றால் முகம் சிவக்காது.

“சரிம்மா, உங்க சயின்ஸு இன்னா சொல்லுதோ செஞ்சு காட்டுங்க. சனிக்கிழமை லீவுதானே? ஆனா ஒண்ணு. என்ன வருதோ அத நீங்களும் ஒத்துக்கணும்.”

ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

3. சனிக்கிழமைச் சோதனை

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒரு விஷயத்துக்கு எது காரணம் என்று பார்க்க வேண்டுமா, அதை மட்டும் மாற்று. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அதன்படியே செய்தேன். ஒரே மூட்டையிலிருந்து பருப்பு, நானே அளந்தேன். அடிபம்புத் தண்ணீர், ஒரே குடத்திலிருந்து. ஒரே மாதிரி இரண்டு அலுமினியக் குண்டான். கோட்டை அடுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கண். விறகைக்கூட ஒரே மரத்துத் துண்டாகப் பார்த்துப் பொறுக்கினேன். முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கவர்னர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இப்படி விறகு பொறுக்கியதில்லை என்றார். சொல்லிவிட்டு, ஈரமாக இருந்த துண்டு ஒன்றை அவரே தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுத்து வைத்தார்.

மாறுவது ஒன்றே ஒன்று. ஒரு குண்டான் முனுசாமி அண்ணன் கை, இன்னொன்று காசியம்மா கை. கை காரணமில்லை என்றால் இரண்டும் ஒன்றாக வேக வேண்டும். வெந்துவிடும், காசியம்மா திங்கட்கிழமையும் வருவாள். என் மனசுக்குள் அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம்.

வார்டன் சாரை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டேன். எது யார் வைத்தது என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிடும். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும், இரண்டு அடுப்புக்கும் விறகு தள்ளுவதுமாக இருந்தேன். நேரம் ஆனதும் இரண்டையும் ஒன்றாக இறக்கி, ஒரே மாதிரி இரண்டு தட்டில் ஒவ்வொரு கரண்டி எடுத்து வெளியே கொண்டுபோனேன்.

சார் முதல் தட்டில் விரலை வைத்து அழுத்தினார். பருப்பு நசுங்கி விரலோடு ஒட்டியது. இரண்டாவது தட்டில் அழுத்தினார். பருப்பு வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்து அழுத்தினார். அதுவும் நசுங்கவில்லை.

“இது யாரு வச்சது டீச்சர்?” என்று கேட்டார். அவர் குரலிலேயே உற்சாகமில்லை. அவருக்கும் நான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்திருக்கும் போல.

நான் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. காசியம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். “என்னுதுதாங்க” என்றாள்.

அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பி, இதுவரை வெறும் பேச்சாக இருந்ததை நானே எல்லோர் முன்னாலும் நிரூபித்துவிட்டேன். மாமியார் ஒருத்தி சொன்னதை இப்போது படித்த டீச்சர் ஒருத்தியும் சொல்லியாகிவிட்டது. ‘பரவாயில்ல டீச்சர், உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்’ என்று அவள் என்னைச் சமாதானப்படுத்தியதுதான் கொடுமை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

4. கை என்ன செய்கிறது?

மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறையில் உட்கார்ந்து சோதனையில் எங்கே ஓட்டை என்று தேடினேன். பருப்பில் ஓட்டை இல்லை, தண்ணீரில் இல்லை, நெருப்பில் இல்லை. சோதனை சரிதான். கைதான் காரணம் என்று அது சொல்கிறது. கைதான் காரணம்!

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சோதனை கை என்றுதான் சொன்னது, ராசி என்று சொல்லவில்லையே. ராசி என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. கைதான் காரணம் என்றால், அந்தக் கை அங்கே என்ன செய்கிறது என்று கேட்க வேண்டியதுதானே? கை சும்மா நின்று பருப்பைப் பார்த்துக்கொண்டா இருக்கிறது? அது ஏதோ ஒரு வேலை செய்கிறது. முனுசாமி அண்ணன் கை செய்யாத வேலை.

ஓடிப்போய் வார்டன் சாரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுவிட்டு அரைக்கண் மூடிய நிலையில் இருந்தார். ஒத்துக்கிறேன்னு சொன்னீங்களே என்றார். ஒத்துக்கொண்டேன் சார், கைதான் காரணம், அந்தக் கையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். வெட்டப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முனுசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு காசியம்மா ஊருக்கு நடந்தேன். அவள் வரமாட்டேன் என்றாள். எத்தனை தடவை என் மானத்தை வாங்குவீங்க என்று நேராகவே கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. முனுசாமி அண்ணன்தான் பேசினார். “வாம்மா, வந்து தொல. இந்த டீச்சர் விடாது. இன்னிக்கி நீ வரலன்னா நாளைக்கு அடுப்பத் தூக்கிட்டு இங்கியே வந்துடும்” என்றார். அவள் அண்ணி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் காசியம்மாவும் கிளம்பினாள்.

இந்தத் தடவை வேலையைப் பிரித்தேன். ஒரு குண்டானில் உலை வைத்துப் பருப்பைப் போடுகிற வரை காசியம்மா, அதற்குப் பிறகு இறக்குகிற வரை முனுசாமி அண்ணன். இன்னொரு குண்டானில் ஆரம்பம் அவர், முடிவு இவள். மற்றதெல்லாம் நேற்று மாதிரியே. ஆரம்பத்தில் கோளாறு என்றால் ஒரு குண்டான் வேகாது, முடிவில் கோளாறு என்றால் இன்னொன்று வேகாது.

காசியம்மா ஆரம்பித்த குண்டான் வேகவில்லை. அவள் இறக்கிய குண்டானில் பருப்பு மலர்ந்து குழைந்திருந்தது. அவள் அதைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள், மறுபடியும் கிளறினாள். தன் கையால் கிண்டிய பருப்பு குழைந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறாள்.

ஆக, கோளாறு முதல் சில நிமிஷத்துக்குள். அவளை இன்னொரு குண்டான் வைக்கச் சொன்னேன். இந்த முறை நான் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, விறகையும் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பார்த்தேன். சாரும் பார்த்தார், முனுசாமி அண்ணனும் பார்த்தார். குண்டானை அடுப்பில் வைத்தாள். தண்ணீரை ஊற்றினாள். அடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது கை தானாகப் பின்னால் போய், மாடத்தில் இருந்த கொட்டாங்கச்சியிலிருந்து எதையோ கிள்ளித் தண்ணீரில் போட்டது. அவள் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. பேச்சுக்கூட நிற்கவில்லை.

“அது இன்னா போட்ட?” என்று கேட்டேன்.

“எது?” என்றாள்.

“இப்போ தண்ணில போட்டியே.”

“புளி.”

“எதுக்கு?”

அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உலை வச்சா புளி போடறதுதானே? நீங்கல்லாம் போட மாட்டீங்களா?”

முனுசாமி அண்ணனுக்கு மூச்சே நின்றுவிட்டது. பருப்பு வேகுறதுக்கு முன்னாடி எவளாவது புளி போடுவாளா, சின்னப் பொண்ணுக்குக்கூடத் தெரியுமே என்று குதித்தார். காசியம்மா அமைதியாகச் சொன்னாள். “நான் பருப்புல போடலியே அண்ணா. தண்ணிலதானே போட்டேன்.”

5. வார்டன் சார் கை

அவள் வீட்டில் உலை என்றால் சாமைக்குத்தான். சொந்த மரத்துப் புளி எப்போதும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். உலைத் தண்ணீரில் ஒரு கிள்ளு போட்டால் சாமை ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக வரும். அவள் அம்மா போட்டாள், இவளும் போட்டாள். துவரம்பருப்பை அண்டாவில் வைப்பது பள்ளிக்கு வந்த பிறகு பழகிய வேலை. அண்டா பெரிது என்பதால் கிள்ளும் பெரிதாகிவிட்டது. பருப்புக்கு என்னென்ன போட்டாய் என்று நான் முன்பே கேட்டிருக்கிறேன். பருப்பு, மஞ்சத்தூள், ஒரு சொட்டு எண்ணெய் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாள். பொய்யில்லை. நாம் சமைக்கிற விதத்தைச் சொல்லும்போது அடுப்பு பற்ற வைத்ததையும் மூச்சு விட்டதையும் சேர்த்தா சொல்கிறோம்?

சோறு பருக்கை பருக்கையாக நின்றதற்கும் அந்தப் புளிதான் காரணம். சோற்றில் வந்த பெயரும் அந்தக் கிள்ளால் வந்தது, பருப்பில் வந்த பழியும் அதே கிள்ளால் வந்தது. பருப்புக்குள் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பசை ஒன்று உண்டு. புளிப்பில் அது இளகிக் கரையாது, இறுகிக்கொள்ளும். சனிக்கிழமை அந்த வேகாத பருப்பை ஒருத்தராவது நாக்கில் வைத்திருந்தால் புளிப்பு காட்டிக்கொடுத்திருக்கும். வேகாததை யார் வாயில் போடுவார்கள்? விரலால் அழுத்தியதோடு சரி.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. புளி என்பது இப்போதைக்கு இன்னொரு ஊகம்தான், அதையும் சோதிக்க வேண்டும். அதைவிட, காசியம்மாவின் முகத்தில் இன்னும் தெளிவு வரவில்லை.

“சார், நீங்க வந்து ஒரு குண்டான் வைங்க” என்றேன்.

“நானா? வெந்நீர்கூட வச்சதில்லம்மா நான்.”

விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் அடுப்பு முன்னால் நின்ற காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. உலை வைத்தார், நான் சொன்னபடி ஒரு கிள்ளு புளி போட்டார், பருப்பைப் போட்டார். பக்கத்து அடுப்பில் காசியம்மா புளி இல்லாமல் வைத்தாள். அவள் கை ஒரு தடவை மாடத்துக்குப் போய்விட்டது. முனுசாமி அண்ணன் கொட்டாங்கச்சியை எடுத்து இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நேரம் ஆனதும் இறக்கினோம். காசியம்மாவின் குண்டானில் மத்துக்கே வேலை இல்லை. வார்டன் சாரின் குண்டானில் கூழாங்கல். முனுசாமி அண்ணன் ஒரு பருப்பை எடுத்து நசுக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல சார். ஒரு சிலருக்குக் கைராசி அப்படி அமைஞ்சிடுது” என்றார்.

சார்தான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு காசியம்மாவைப் பார்த்து, “நாளைக்கு உன் முறைதானே? வந்துடும்மா. நான் அன்னிக்குச் சொன்னத மனசுல வச்சுக்காத” என்றார். ஓர் அதிகாரி சமையல்காரியிடம் அப்படிப் பேசியதை என் வேலைக்காலத்தில் அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு காசியம்மா என்னிடம் கேட்டாள். “அப்போ அந்தப் பசு டீச்சர்? அந்தச் சாமை?”

ஆமாம், அதுவும் பொய்தான் என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் காலையிலிருந்து அவளுக்கு நான் காட்டியதெல்லாம் பார்க்காமல் சொல்லாதே என்பதைத்தான். பசு போனது போனதுதான், அதை இனிமேல் சோதிக்க முடியாது, எனக்குத் தெரியாது என்றேன். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்கெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

6. இரண்டு கட்டு

அதற்குப் பிறகு தட்டில் கரகரச் சத்தம் கேட்கவில்லை. சோற்று உலையில் மட்டும் காசியம்மா புளி போடுவாள், பருப்பு உலை வைக்கும்போது கொட்டாங்கச்சியை வேறு மாடத்துக்கு மாற்றிவிடுவாள். முனுசாமி அண்ணன் சலித்துக்கொண்டே அந்தப் புளி வித்தையைக் கற்றுக்கொண்டார். அவர் சோறும் உதிரியாயிற்று.

மழை வந்தது, போனது. மலையில் விதைப்பு முடிந்து, களையெடுத்து, கதிர் முற்றியது. பசுவைப் பற்றியோ சாமையைப் பற்றியோ காசியம்மா பிறகு பேசவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நானும் மறந்துதான் போனேன்.

கார்த்திகையில் ஒரு காலை, பனி விலகியிருக்கவில்லை. என் அறைக் கதவைத் தட்டினாள். இரண்டு கையிலும் சாமைக் கதிர், கட்டுக் கட்டாகப் பிடித்திருந்தாள். இரண்டையும் என் முன்னால் வைத்துவிட்டு, நன்றாகப் பார்க்கச் சொன்னாள். எது ஒசத்தி என்று கேட்டாள்.

நான் கையில் எடுத்துப் பார்த்தேன். கதிரின் நீளம் பார்த்தேன், உருவி மணியைப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சும்மா ஒப்புக்குச் சொல்லக் கூடாது என்பதால் இன்னொரு முறை பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்றேன்.

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணு எங்க அண்ணி வெதச்சது டீச்சர். ஒண்ணு நான் வெதச்சது. பாறைக்குப் பக்கத்துல ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கினேன் அண்ணன்கிட்ட. பாதி அண்ணி, பாதி நானு. ஏர் ஒண்ணு, வெத ஒண்ணு, மழ ஒண்ணு. கை மட்டும்தான் வேற.”

சோதனை என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல், எது என்ன ஆகுமோ என்று ஒரு மழைக்காலம் முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு, தினமும் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குப் பருப்பு வேகவைத்திருக்கிறாள். முளைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று கேட்டேன். “போயிருந்தா போனதுதான்னு தெரிஞ்சிருக்கும்ல” என்றாள். எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது. நான் செய்த சோதனையில் தோற்றால் அவள் வேலைதான் போகும், என் வேலை போகாது. அவள் தன் கையையே வைத்துச் சோதித்திருக்கிறாள்.

எது அண்ணியுடையது, எது உன்னுடையது என்று கேட்டேன். கட்டும்போது ஒன்றுக்கு ஒரு முடிச்சு, இன்னொன்றுக்கு இரண்டு முடிச்சு போட்டிருந்தாளாம். சொல்ல வாய் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு கட்டையும் அவிழ்த்து, கதிர்களை மடியில் கொட்டி ஒன்றாகக் கலந்துவிட்டாள்.

“இப்போ எனக்கும் தெரியாது” என்று சொல்லிச் சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதேன்.

இப்போது வேலைக்கு வருகிற இளம் ஆசிரியர்கள் என்னிடம் அறிவியல் முறையை எப்படி நடத்துவது என்று கேட்கிறார்கள். கருவி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம், இரண்டு குண்டானும் கொஞ்சம் பருப்பும் போதும் என்று சொல்வேன். முதல் சோதனை உங்களுக்கு எதிராக வந்தால் அதை மூடி மறைக்காதீர்கள் என்பேன். அதற்கு மேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. மிச்சத்தை நான் காசியம்மாவிடம் கற்றுக்கொண்டேன். மறு வருடம் ஆடியில் அவள் விடுதியில் ஒரு நாள் லீவு கேட்டாள். எதற்கு என்று வார்டன் சார் கேட்டார்.

“வெதப்புங்க” என்றாள். “மொதப் பிடி நான்தான் போடணும்னு எங்க அண்ணி கூப்புட்டிருக்கு.”